எம்ஜிபி ஜிடி நடுவழியில் நின்றால்: அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

நன்றாகப் பார்த்துக்கொண்ட பழைய கார் திடுதிப்பென்று பெரிதாகக் கெட்டுப்போவதில்லை. பேரிங் போவது, வால்வு கருகுவது எல்லாம் பல நாள் முன்பே சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் வரும். முன்னூறு மைல் பயணத்தின் நடுவே ஓரங்கட்ட வைப்பது ஒரு எர்த் வயராக இருக்கும், ஸ்பார்க் சர்க்யூட்டில் உள்ள ஒரு சின்னக் கண்டென்சராக இருக்கும், வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாயாக இருக்கும். பல சமயம் அது போன வாரம் நாமே "எதற்கும் புதுசு போட்டுவிடுவோம்" என்று மாற்றிய பாகம். அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே நான் கேட்டுக்கொள்வது: கடைசியாகக் கை வைத்தது எங்கே?

கீழே இருப்பது 1967 கடைசியிலிருந்து 1974 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் உள்ள எம்ஜி தொழிற்சாலையில் செய்த குரோம் பம்பர் எம்ஜிபி ஜிடிக்கு எழுதியது. மேல்கூரை இல்லாத எம்ஜிபி 1962இல் வந்தது. பின்கதவு வைத்த ஜிடி 1965இல். மழையில் நனையாமல், இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு, ஸ்காட்லாந்து வடகோடி வரை போய்வர இதைவிடக் குறைந்த செலவில் ஒரு பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் கிடைப்பது கஷ்டம். உள்ளே இருப்பது பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின், 1798 சிசி. நம் ஊர் பழைய பெட்ரோல் அம்பாசடரில் இருந்த 1489 சிசி எஞ்சினுக்கு இது அண்ணன். அம்பாசடரில் டேப்பட் (வால்வுக்கான இடைவெளி) பிடித்தவருக்கு இந்த பானெட்டுக்குள் அந்நியமாக எதுவும் தெரியாது.

ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். பாயிண்டையும் (ஸ்பார்க்குக்கான கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) மாற்றி, கார்புரேட்டரையும் திருகி, பிளக்கையும் புதிதாகப் போட்டால், கார் ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. ஓடாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சாவியைத் திருப்பினால் "டக்" என்கிறது, செல்ஃப் சுற்றவில்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரி பக்கம். விளக்கு அப்படியே இருந்தால் சோலனாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) அல்லது செல்ஃப் மோட்டார்.

இந்தக் கார்களில் முன்சீட்டுகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்திருக்கும். இப்போது பலர் அதை எடுத்துவிட்டு ஒரே 12 வோல்ட் பேட்டரி போட்டிருக்கிறார்கள். இரண்டு பேட்டரி இருந்தால் நான்கு முனைகள், நடுவே ஒரு இணைப்பு கேபிள். ஒரு முனையில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தாலே போதும். கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

அங்கே சுத்தமாக இருந்தால் எஞ்சின் எர்த் பட்டையைப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் மின்தொடர்பு அந்தப் பின்னல் பட்டை வழியாகத்தான். கியர்பாக்ஸ் வேலை பார்த்தவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறப்பது சகஜம். பட்டை இல்லாவிட்டால் செல்ஃப் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடும். சோக் கேபிள் வழியாகப் போகும். சோக் பட்டன் கைக்குச் சுட்டால், கேபிளிலிருந்து புகை வந்தால், சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மற்றதைப் பாடியிலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லையா? ஜம்ப் லீடு ஒன்றை பிளாக்கிலிருந்து பாடிக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் துள்ளிச் சுற்றினால் பதில் கிடைத்துவிட்டது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

முதலில் காதைத் தீட்டுங்கள். சாவியை ஆன் செய்ததும் பின்பக்கத்திலிருந்து டிக்-டிக்-டிக் என்று எஸ்யூ பெட்ரோல் பம்ப் தட்டும். நாலைந்து தட்டுத் தட்டி நின்றால் கார்புரேட்டர்களின் மிதவை அறைகள் நிறைந்துவிட்டன என்று அர்த்தம், நல்லது. நிற்காமல் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வரவில்லை, காற்றை இழுக்கிறது. அல்லது எங்கோ ஒழுகுகிறது. டாங்க் முள் பொய் சொல்லக்கூடிய சாதனம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சத்தமே இல்லையென்றால் இரண்டு விதம். அறைகள் ஏற்கெனவே நிறைந்திருக்கலாம். அல்லது பம்பின் உள்ளே இருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு சாவியை ஆன் செய்தால் தெரிந்துவிடும். சூடான எஞ்சின் மேல் இதைச் செய்யாதீர்கள், சிகரெட் பற்றிக் கேட்கவே வேண்டாம். பம்ப் வலது பின்சக்கரத்துக்கு முன்னால் அடியில் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டு. நூற்றுக்கு நூறு முறை இல்லாவிட்டாலும் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வீடு போய்ச் சேர அது போதும். சேர்ந்ததும் பாயிண்டை மாற்றுங்கள். தட்டியும் எழவில்லை என்றால் பம்புக்கு வரும் வெள்ளை வயரையும், அதன் கறுப்பு எர்த் வயரையும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள்.

பெட்ரோல் வருகிறது என்றால் அடுத்தது ஸ்பார்க். ஒரு பிளக்கைக் கழற்றி அதன் லீடில் மாட்டி, உடலை பிளாக்கில் படும்படி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பொறி நீலமாக, "டப்" என்று கேட்கும்படி இருந்தால் சரி. மஞ்சளாக, சோகையாக இருந்தால், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறக்க வேண்டும். பிளாட்டினம் பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இல்லாத நேரத்தில் தடித்த விசிட்டிங் கார்டு ஒன்றை வைத்து ஒப்பேற்றி ஊர் வந்தவர்கள் உண்டு. மூடியின் உள்ளே மயிரிழை மாதிரி கறுப்புக் கோடு ஓடினால் மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது. பிளக் லீடுகளைக் கழற்றியிருந்தால், திரும்ப மாட்டும் வரிசை 1-3-4-2, மூடிக்குள் சுழலும் ரோட்டார் சுற்றுவது இடஞ்சுழியாக. இந்தத் திசையை மறந்து ஒரு மணி நேரம் வீணடித்தவன் நான்.

குளிரில் நன்றாக ஓடியது, சூடானதும் நின்றுவிட்டது, அரை மணி கழித்துத் தானாகவே பிடிக்கிறது

சுற்றுலா போகிறவரை அழவைப்பது இதுதான். காரணம் நான்கைந்து, எல்லாமே ஆறியதும் மாயமாகிவிடும். அதனால் நிற்கிற அந்தக் கணத்தில் கவனிப்பதுதான் பாதி வேலை.

நிற்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். இந்த ஆண்டுகளில் செய்த கார்களில் அது மின்சாரத்தில் இயங்குவது. ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் கரண்ட் விட்டுவிட்டுத் துடிப்பதை எண்ணிக் காட்டுகிறது. கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் இக்னிஷன் போய்விட்டது. வேகத்தோடு சேர்ந்து மெதுவாக, இருமி இருமி இறங்கினால் பெட்ரோல்.

ஸ்காட்லாந்தில் ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பெயலக் நா பா கணவாயில் எனக்கு நடந்தது இது. 626 மீட்டர் உயரம், ஒற்றைத் தடம், கொண்டை ஊசி வளைவுகள். பெயருக்கு மாடுகளின் கணவாய் என்று பொருள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே எஞ்சின் அணைந்தது. பக்கத்தில் இருந்த மச்சான், "ஏத்தம்ல, பெட்ரோல் கொதிச்சிருக்கும் மாப்ள, கொஞ்சம் ஆறட்டும்" என்றான். நானும் நம்பியிருப்பேன், முள் விழுந்ததைப் பார்த்திராவிட்டால்.

இம்மாதிரி நேரத்தில் ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். காயிலில் வெள்ளை வயர் வரும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே லாம்ப் எரிகிறதா? எரிந்தால் சப்ளை வருகிறது. அடுத்து, பாயிண்ட் திறந்திருக்கும்படி எஞ்சினை நகர்த்தி வைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் லாம்பை வையுங்கள். இப்போதும் எரிய வேண்டும். எரியாவிட்டால் அந்தப் பக்கம் எங்கோ எர்த் ஆகிறது: பாயிண்டின் சின்ன பிளாஸ்டிக் வாஷர் தப்பாக மாட்டியிருக்கலாம், உள்ளே ஆடும் வயர் தோல் உரிந்திருக்கலாம், அல்லது கண்டென்சர். கண்டென்சர் வயரைக் கழற்றினேன், லாம்ப் எரிந்தது. வழக்கு முடிந்தது. அந்தக் கண்டென்சர் பயணத்துக்காகவென்றே இரண்டு வாரம் முன்பு போட்ட புத்தம் புதியது. அதற்கு முன்னால் ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்ததை "பழசு" என்று கழற்றி டிக்கியில் போட்டிருந்தேன். அதையே திரும்ப மாட்டினேன். இன்றும் அதுதான் ஓடுகிறது.

இப்போது கிடைக்கும் மாற்றுப் பாகங்களில் கண்டென்சரும் ரோட்டாரும்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. ரோட்டாரில் பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருந்தால், அந்த ரிவெட்டிலிருந்து அடியிலுள்ள தண்டுக்குப் பொறி ஓட்டை போட்டுவிடுவது உண்டு. ரிவெட் இல்லாத வகையைத் தேடி வாங்குங்கள். வாங்கியதை நூறு மைலாவது ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு நீண்ட பயணம் கிளம்புங்கள்.

முள் மெதுவாக இறங்கிய ஆசாமிகளுக்கு: முதலில் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறங்கள். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டாங்கில் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது. இல்லையென்றால் உண்மையாகவே சூட்டுப் பிரச்சினையாக இருக்கலாம். இந்த எஞ்சினில் கார்புரேட்டர்களும் புகைபோக்கி மானிஃபோல்டும் ஒரே பக்கம். நடுவே ஒரு தகரத் தடுப்பு, அதில் வெப்பம் தாங்கும் அட்டை. அந்த அட்டை உதிர்ந்துபோன கார்கள் ஏராளம். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிறது, பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கிறது. சூப்பர் என்று விற்கும் இ5 போடுங்கள். விலை உறுத்தும்தான், ஆனால் வருடத்துக்கு மூவாயிரம் மைல் ஓடும் காருக்கு அது பெரிய தொகை இல்லை. குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஏற்றத்தில் புல்லிங் இல்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது

எல்லோருடைய கையும் நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போகும். போக விடாதீர்கள். டேப்பட், பிறகு பாயிண்ட், பிறகு டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), கடைசியாகத்தான் கார்புரேட்டர். முந்தியது சரியில்லாமல் பிந்தியதைத் திருகினால் தவறை இன்னொரு தவறால் மறைக்கிறோம்.

டேப்பட் இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.38 மி.மீ. எந்த வால்வைப் பிடிக்கலாம் என்பதற்கு ஒன்பதுக் கணக்கு: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருந்தால் 1ஐப் பிடி, 6 திறந்திருந்தால் 3, கூட்டினால் எப்போதும் 9. சத்தம் போடுகிறதே என்று இறுக்கிவிடாதீர்கள். கொஞ்சம் தட்டும் டேப்பட் ஒன்றும் செய்யாது. இறுகிய டேப்பட் வால்வைக் கருக்கிவிடும்.

அதன் பிறகு எஸ்யூ கார்புரேட்டர். மேலே கறுப்புத் தொப்பியைத் திருகி எடுத்தால் உள்ளே எண்ணெய் இருக்க வேண்டும். வறண்டிருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு நொடி தயங்கித் தும்மும். சாதாரண எஞ்சின் ஆயிலே போதும். காற்று வடிகட்டியைக் கழற்றி பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுங்கள். "டிக்" என்ற ஒலியோடு அடியில் போய் உட்கார வேண்டும். நடுவில் தயங்கினால் அழுக்கு, இல்லாவிட்டால் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) நடுவில் இல்லை.

கலவை சரியா என்பதற்கு: எஞ்சின் சூடாக ஐடிலில் ஓடும்போது, அடியிலுள்ள சின்ன ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறி ஏறினபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கி அணையப் பார்த்தால் குறைவு. இரண்டு கார்புரேட்டருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

மிதவை அறையின் வழிவுக் குழாயில் பெட்ரோல் சொட்டினால் ஊசி வால்வில் தூசி. அறையின் மூடியில் ஒரு தட்டு. நிற்கவில்லை என்றால் பம்பை நிறுத்திவிட்டுத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். சொட்டச் சொட்ட ஓட்டாதீர்கள். கீழே இருப்பது கொதிக்கும் மானிஃபோல்டு.

ஹீட் ஆகிறது

எப்போது ஆகிறது என்று பாருங்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன் பெல்ட் தளர்வு. நீளமான பகுதியின் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் இறங்க வேண்டும். மோட்டார்வேயில் 70 மைலில் ஓடும்போது ஏறுகிறது என்றால் ரேடியேட்டரின் உள்ளே சேறு, அல்லது டைமிங் பிந்திப்போயிருக்கிறது. தற்காலிகமாக ஹீட்டரை முழுக்கத் திறந்து ஓட்டினால் ஒரு ஊர் தாண்டலாம், வேர்க்கும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் மாதிரி படிந்திருந்தால் உடனே கேஸ்கட் போச்சு என்று பதறாதீர்கள். கடைக்குப் போய்வருகிற அளவுக்கே ஓடும் கார்களில் குளிர்காலத்தில் ஈரம் அப்படித்தான் படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால், தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், அது வேறு கதை.

ஆயில் பிரஷர் முள் இறங்குகிறது

சூடான எஞ்சின், ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ. ஐடிலில் 10 முதல் 25. ஐடிலில் 15 காட்டுகிறதே என்று தூக்கம் கெட வேண்டாம். ஓட்டத்தில் பூஜ்யம் காட்டினால் அந்த நொடியே அணைத்து ஓரங்கட்டுங்கள். பிறகு ஆயில் கூலருக்குப் போகும் இரண்டு குழாய்களையும், மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயையும் பாருங்கள். அங்கேதான் பெரும்பாலும் வெடிக்கும்.

ஓவர்டிரைவ் விழவில்லை

நெடுந்தூரப் பயணத்தில் இந்தக் காரின் சுகமே, எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் மாதிரியான லேகாக் ஓவர்டிரைவ்தான். அது விழுந்தால் 70 மைலில் சுமார் 3,200 ஆர்பிஎம், விழாவிட்டால் 3,900. ஒரு மணி நேரத்தில் காது சொல்லிவிடும் வித்தியாசத்தை.

முதலில் கியர்பாக்ஸில் ஆயில் அளவு. ஓவர்டிரைவும் அதே ஆயிலில்தான் இயங்குகிறது. அதற்கு 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில்தான். டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் இபி ஆயிலை யாராவது ஊற்றியிருந்தால் வடித்துவிடுங்கள். பிறகு எஞ்சினை அணைத்து, சாவியை ஆன் செய்து, நான்காம் கியரில் போட்டு, ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள். காரின் அடியிலிருந்து மெல்லிய "கிளிக்" கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மின்சாரம்: சுவிட்ச், கியர்பாக்ஸ் மேலே உள்ள தடுப்பு சுவிட்ச், மஞ்சள் வயரின் இணைப்புகள், கடைசியில் சோலனாய்டு. கிளிக் கேட்டும் விழவில்லை என்றால் உள்ளே வடிகட்டி அடைத்திருக்கலாம்.

விழுந்த ஓவர்டிரைவ் விலகாமல் மாட்டிக்கொண்டால் எக்காரணம் கொண்டும் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் நொறுங்கிவிடும். நாலு பேரைக் கூப்பிட்டுப் பின்னோக்கித் தள்ளச் சொல்வதும் அதே கதைதான். முன்னோக்கி மட்டும் போங்கள்.

புறப்படும்போது "க்ளங்க்", திரும்பும்போது "கிணிங்"

கம்பிச் சக்கரம் உள்ள கார் என்றால் முதல் சந்தேகம் ஹப்பின் பல்வரிசை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஆடினால் பற்கள் தேய்ந்துவிட்டன. சக்கரத்தையும் ஹப்பையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பழையது புதியதைத் தின்றுவிடும். தேய்மானம் இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. நட்டைக் கழற்ற, கார் முன்னே போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் அடிக்க வேண்டும், இரு பக்கமும் இதே கணக்கு. தாமிரச் சுத்தியல் மட்டும்.

கம்பிச் சக்கரம் இல்லாத கார்களில் யுனிவர்சல் ஜாயின்ட், அடுத்து டிஃபரன்ஷியலின் உள்ளே உள்ள வாஷர்கள். 55, 60 மைலில் ஸ்டீயரிங் நடுங்கினால் சக்கர பாலன்ஸ். ஸ்டீயரிங் இறுகிப்போய், வளைவு முடிந்தபின் தானாகத் திரும்ப மறுத்தால் கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு). மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் அது பல்லாண்டு வாழும்.

பிரேக் லைட், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிட்டன

இந்தக் காரின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தைக் கேலி செய்யும் நகைச்சுவைகளுக்குப் பஞ்சமில்லை. ஐம்பது வருடம் ஆங்கிலேய மழையில் நனைந்த பித்தளை இணைப்பு கொஞ்சம் பச்சை பூத்தால் அதற்கு என்ன செய்ய? இவை மூன்றும் பச்சை வயர் குடும்பம், ஒரே ஃபியூஸ். ஃபியூஸ் எரியாமலேயே அதன் கிளிப்பில் பச்சைக் கறை பிடித்திருக்கும். விரலால் உருட்டினாலே விளக்கு வந்துவிடும். மணல்தாளால் தேய்த்து வைக்கவும். ஒரு விளக்கு மட்டும் மங்கினால் அந்த விளக்கின் எர்த். ஒரு இண்டிகேட்டரைப் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து மின்னினாலும் எர்த்தே.

கிளட்ச் பெடல் தரையோடு போகிறது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

கிளட்ச் என்றால் பெல்ஹவுசிங் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அதுதான். கிளட்ச் பாட்டிலில் பிரேக் ஆயில் நிரப்பி நிரப்பி ஊர் வரலாம். பெடல் மேலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். இந்தக் காரின் ரிலீஸ் பேரிங் வெறும் கார்பன் வளையம், உரசிக்கொண்டே தேய்ந்துபோகும்.

பிரேக் என்றால் ரோட்டோர வைத்தியம் கிடையாது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

உள்ளே புகை நாற்றம், தலை வலிக்கிறது

ஜிடிக்கே உரியது. பின்கதவின் ரப்பர் சரியாகப் படியாவிட்டால், ஓட்டத்தில் காரின் பின்னால் சுழலும் காற்று சைலன்சர் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பின் ஜன்னலைத் திறந்து வைத்தால் இன்னும் அதிகமாக இழுக்கும். முன் ஜன்னலைத் திறங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை: ஒரு தாளைக் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் பத்து இடத்தில். எங்கே தாள் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கேதான் புகை வருகிறது. அந்த நாற்றம் எரியாத பெட்ரோலுடையதாக இருந்தால் ரப்பரைத் தேட வேண்டாம். காரை நிறுத்திவிட்டு, டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள்.